மூன்றாம் நாள் மன்னிப்பு

ஏரிமேட்டூருக்குப் பஸ் வராமல் போய் மூன்று வருஷம் ஆனபிறகு, அந்த ஊர்ப் பெண்களின் மனசு புண்பட்டிருக்கிறது என்பதைப் பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் கண்டுபிடித்தார்கள்.

பஸ் நின்ற கதை சின்னதுதான். பாப்பாரப்பட்டி ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் முதலில் மாதாகோயில் தெரு, அதைத் தாண்டி மாரியம்மன் கோயில் தெரு. ஒரு வருஷம் மாதாவுக்குக் கொடியேற்றமும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் ஒரே நாளில் வந்து வாய்த்தன. இரண்டு தெருவும் ஆளுக்கொரு மைக் செட் வைத்தது. மத்தியானம் அந்தத் தெருவின் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று இந்தப் பக்கம் பார்த்துத் திரும்பியது. உடனே இந்தத் தெருக் குழாய் இரண்டு அந்தப் பக்கம் பார்த்துத் திரும்பின. சாயங்காலம் யாரோ ஒயரை அறுத்தார்கள். அறுத்தது யார் என்று கேட்கப் போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. பதினொரு பேருக்குத் தையல், இருபத்து நாலு பேர் மேல் வழக்கு. போலீசார் இரண்டு தெருவுக்கும் நடுவில், ‘திருமணப் பட்டுக்கு வாரீர்’ என்று ஜவுளிக்கடை விளம்பரம் எழுதிய இரண்டு இரும்புத் தடுப்புகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். பஸ் திரும்புகிற இடம் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதால், பஸ் மெயின் ரோட்டோடு நின்றுகொண்டது.

அன்றிலிருந்து தீர்த்தம்மாள் தக்காளிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் இரண்டரை கிலோமீட்டர் நடந்தாள். தடுப்பின் ஓரத்தில் ஓர் ஆடு நுழைகிற சந்து இருந்தது. அதில் ஒருக்களித்து வெளியே வந்தால், மாதாகோயில் தெரு முனையில் சாமந்திக் கூடையோடு கேத்தரின் காத்திருப்பாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் சந்தைக்குப் போனார்கள். மழை, மாமியார், மருந்து விலை என்று பேசாதது எதுவும் இல்லை. அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

தீர்த்தம்மாளுக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. கேத்தரினின் வீட்டுக்காரர் அருள்நாதனுக்கு நெற்றியில் கல் பட்டு ஆறு தையல். அந்தக் கல்லை எறிந்தது தன் வீட்டுக்காரர் முனியப்பன் என்பதை அவள் கண்ணால் பார்த்தவள். முனியப்பனோ அன்றைக்கு மொரப்பூரில் தங்கச்சி வீட்டில் இருந்ததாகப் போலீசிடம் சொன்னார், வக்கீலிடம் சொன்னார், கடைசியில் அவளிடமே சொன்னார். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்தக் கல் மூன்று வருஷமாக அவள் மடியில் கிடந்து கனத்தது.

பஸ்ஸுக்காக இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள். சமூக நல்லிணக்கம் ஏற்பட்டதாகத் தக்க அமைப்பு ஒன்று சான்று தந்தால் தடுப்பை எடுப்பது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. இரண்டு தெருப் பெண்கள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருப்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் பெங்களூர் ‘உள்நதி நல்லிணக்க அறக்கட்டளை’யின் ஜீப் ஊருக்குள் வந்தது. மூன்று நாள் முகாம், சாப்பாடு அவர்களுடையது, முடிவில் சான்றிதழ். தெருவுக்குப் பத்துப் பேராக இருபது பெண்கள் கிளம்பினார்கள்.

முகாம் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில். இறங்கியதும் முதல் வேலையாக மாரியம்மன் கோயில் தெருவுக்கு ஆரஞ்சு அட்டையும் மாதாகோயில் தெருவுக்கு நீல அட்டையும் கழுத்தில் மாட்டினார்கள். ஒரே வேனில், ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து வந்தவர்களை இரண்டு வாசல் வழியாக உள்ளே அனுப்பினார்கள். சாப்பாட்டுக் கூடம் இரண்டு, தண்ணீர்ப் பானை இரண்டு. மூன்றாம் நாள் மதியம் வரை எதிர் அட்டைக்காரர்களோடு பேசக் கூடாது என்பது விதி. எதற்கு என்று தீர்த்தம்மாள் கேட்டாள். பாதுகாப்புக்கு என்றார் ஒருங்கிணைப்பாளர் கோகிலவாணி. நாற்பது வயதுக்காரி, நல்ல பெண்தான், கையில் எப்போதும் ஒரு படிவக் கட்டு.

முதல் படிவத்தில் ஒரே கேள்வி: எதிர்த் தரப்பை நீங்கள் எவ்வளவு வெறுக்கிறீர்கள்? பத்துக்கு எவ்வளவு?

தீர்த்தம்மாள் யோசித்து, ரெண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். கோகிலவாணியின் முகம் விழுந்துவிட்டது. ஏரிமேட்டூரைக் கடும்பகைக் கிராமம் என்று எழுதித்தான் அனுமதி வாங்கியிருப்பதாகவும், முதல் நாள் ரெண்டு என்றால் மூன்றாம் நாள் எங்கே இறங்குவது என்றும் அவர் தணிந்த குரலில் கேட்டார். கொஞ்சம் ஆழமாகப் பார்க்கச் சொன்னார். தீர்த்தம்மாள் ஆழமாகப் பார்த்ததில், கேத்தரின் போன தையில் வாங்கிப் போன சல்லடையை இன்னும் திருப்பித் தரவில்லை என்பது தெரிந்தது. அதற்காக நாலு வரை போகலாம் என்றாள். சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசிப் பழகியவள்தான், ஆனால் விலையை ஏற்றச் சொல்லிக் கெஞ்சுகிறவரை அவள் அதுவரை பார்த்ததில்லை. எட்டில் முடிந்தது.

பக்கத்துக் கூடத்தில் கேத்தரின் சுழியத்தில் ஆரம்பித்து ஏழில் நின்றாள் என்பது பிறகு தெரிந்தது.

பதினொரு மணிக்கு நிறுவனர் டாக்டர் சந்திரமோகன் வந்தார். கதர் ஜிப்பா, வெள்ளைத் தாடி, காலில் செருப்பு இல்லை. அவர் எந்த நோய்க்கு டாக்டர் என்று யாருக்கும் தெரியாததால், ஒரு பெண் எழுந்து மூட்டுவலிக்கு மருந்து கேட்டாள். அவர் கண்ணை மூடி, வலி என்பது உடம்பின் நினைவு என்றார். அந்த அம்மாள் சரி என்று உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

பிறகு எல்லாரையும் படுக்கவைத்து, கண்ணை மூடி, மனசுக்குள் ஒரு பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொன்னார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பால் கறக்கிற பெண்கள் அவர்கள். பட்டப்பகலில் மின்விசிறிக்குக் கீழே பாயில் படுக்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்டதே கிடையாது. இரண்டாவது நிமிஷம் கூடம் முழுக்கக் குறட்டை. டாக்டர் கிசுகிசுப்பாக, ‘பாருங்க, எவ்வளவு ஆழமா இறங்கிட்டாங்க’ என்றார். ஒருவர் படம் எடுத்தார்.

மத்தியானம் மரத்தைக் கட்டிப்பிடித்துத் துக்கத்தை இறக்கிவைக்கும் பயிற்சி. ஆளுக்கொரு மாமரம். தீர்த்தம்மாள் தன் மரத்தைக் கட்டிக்கொண்டு பழக்க தோஷத்தில் காய்ப்பு எப்படி என்று மேலே பார்த்தாள். அதற்குள் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கம்போடு ஓடிவந்து, பூ கொட்டுகிறது என்று சத்தம் போட்டார். அவருக்கும் ஓர் அட்டை கொடுத்து உட்காரவைக்கலாமா என்று கோகிலவாணி யோசிப்பது போலத் தெரிந்தது. ஆனால் அவருடைய நிறத்துக்கு அட்டை இல்லை.

விளையாட்டாக இருந்ததெல்லாம் சாயங்காலத்தோடு சரி. அட்டை வாரியாக உட்காரவைத்து, எதிர்த் தரப்பு தங்களுக்குச் செய்த காயங்களைப் பட்டியல் போடச் சொன்னார்கள். முதலில் ஆரஞ்சுப் பக்கம் மூன்றுதான் தேறியது. கோகிலவாணி விடவில்லை, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பார்வை, ஒரு சிரிப்பு கூடக் காயம்தான் என்று ஊக்கப்படுத்தினார். பிறகு வரத் தொடங்கியது பாருங்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டும் வராதது, வந்தும் சாப்பிடாமல் போனது, சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைவு என்றது. விளக்கு வைப்பதற்குள் நாற்பத்தொரு காயம். நீலப் பக்கம் நாற்பத்தாறு என்று தகவல் வந்ததும், ஆரஞ்சுப் பக்கம் ரோஷப்பட்டு இன்னும் ஏழு சேர்த்தது.

மறுநாள் காலையில் தீர்த்தம்மாள் குழாயடியில் கேத்தரினைப் பார்த்துச் சிரித்தாள். கேத்தரின் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். காலைச் சாப்பாட்டின்போது நீலக் கூடத்துப் பெண்கள் ஆரஞ்சுப் பக்கத்தைப் பார்த்து ஏதோ சொல்ல, இந்தப் பக்கம் ஒருத்தி தட்டை ஓசையோடு வைத்தாள். மூன்று வருஷமாக ஊருக்குள் இல்லாத ஒன்று அந்தத் தோப்புக்குள் முளைத்து இலை விட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் சந்திரமோகன் இரண்டு கூடத்துக்கும் நடுவில் நின்று, திருப்தியாகத் தலையாட்டினார்.

தீர்த்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் சமையல்காரம்மாவுக்குத் துணையாகப் பாத்திரம் தேய்க்கக் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே ஏற்கெனவே கேத்தரின் உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சோறு இறங்கவில்லை போலிருக்கிறது. தீர்த்தம்மாள் ஒரு தேங்காய்நாரை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“கேத்தரினு,” என்றாள் தீர்த்தம்மாள். “பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஆனா இதுக்கு மேல என்னால முடியாது. உங்க வூட்டுக்காரரு நெத்தியில பட்ட கல்லு, எங்க வூட்டுக்காரரு எறிஞ்சது. நான் பாத்தேன். மூணு வருசமா உங்கூட நடந்து வரேன், சொல்லாமயே வரேன்.”

கேத்தரின் அண்டாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தெரியும்க்கா,” என்றாள். “அன்னிக்கே தெரியும். எங்கவரு மட்டும் என்ன, கொடி புடிக்கவா வந்தாரு? ரெண்டு கை நெறைய கல்லோடதான் வந்தாரு. உங்க வூட்டுக்காரரு குறி பாத்து எறிஞ்சாரு, எங்க வூட்டுக்காரருக்கு குறி தப்பிருச்சு. அவ்ளோதான் வித்தியாசம்.” பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “நீயா சொல்லுவேன்னு பாத்துகிட்டே இருந்தேன். தெனமும் நடக்கறப்ப, இன்னிக்கு சொல்லுவ, இன்னிக்கு சொல்லுவன்னு.”

தீர்த்தம்மாள் ஈரக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள். கேத்தரின் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள், நடுவில் ஒருமுறை குறி தப்பியதை நினைத்துச் சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். சாம்பலும் கண்ணீருமாக அவர்கள் எழுந்தபோது கோகிலவாணி கொல்லை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் கை படிவத்தைத் தேடியது.

கால்மணி நேரத்தில் இரண்டு பேரையும் டாக்டர் முன்னால் நிறுத்தினார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்படுவது அவர்கள் முறையில் இல்லை. ஆனால் மிகவும் வருத்தப்பட்டார்.

“அம்மா, உங்க உணர்வை நான் மதிக்கிறேன்,” என்றார். “ஆனா மன்னிப்பு மூணாம் நாள் மதியம் மூணு மணிக்கு. அதுக்கு முன்னாடி கோபம், துக்கம், ஏற்பு, மூணு படி இருக்கு. நீங்க ரெண்டாம் நாளே பாத்திரம் கழுவற இடத்துல மன்னிச்சிட்டா, அந்தப் படியெல்லாம் என்ன ஆகறது? பயிற்றுநர் இல்ல, கேமரா இல்ல, வட்டமா உக்காரல. இத நாங்க எப்பிடி மன்னிப்புன்னு கணக்குல எடுக்கறது? எல்லாரும் இப்பிடி அவங்கவங்களே பேசித் தீத்துக்கிட்டா, இருபது வருஷமா இந்த முறையை உருவாக்கினவங்க எங்க போவாங்க?”

கடைசிக் கேள்வியில் நிஜமான கவலை இருந்தது. தீர்த்தம்மாளுக்கே அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது. எப்படியாவது சமாளித்துத் தருவதாக ஒப்புக்கொண்டாள். அதன்படி, நடந்தது நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, மறுநாள் மதியம் வரைக்கும் இரண்டு பேரும் பகையாக இருக்க வேண்டும். கேத்தரினுக்கு அது சிரமமாக இருந்தது. தூரத்தில் தீர்த்தம்மாளைப் பார்க்கிற போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு தோப்புக்குள் ஓடினாள். அதைத் துக்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் கொல்லைப்பக்கம் நடந்த சங்கதி சமையல்காரம்மா வாய் வழியாக இரண்டு கூடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு நீல அட்டைக்காரி ஒருத்தி தெரியாமல் வந்தது போல ஆரஞ்சுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டுக் காயத்தையும் யாரும் எடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் பணம் தருகிற அமைப்பிலிருந்து டெல்லி அம்மையார் ஒருவர் வந்தார். மேடை போட்டு, நடுவில் நீலத் துணியை நதி மாதிரி விரித்திருந்தார்கள். தீர்த்தம்மாளும் கேத்தரினும் இரண்டு கரையிலிருந்து நடந்துவந்து நதியின் நடுவில் சந்தித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கோகிலவாணி காலையிலேயே சொல்லவேண்டியதை எழுதிக் கொடுத்திருந்தார். அதில் கல் இல்லை. ‘சம்பவம்’ என்று இருந்தது. முனியப்பனும் இல்லை, அருள்நாதனும் இல்லை. ‘என் சமூகம்’, ‘உன் சமூகம்’ என்று இருந்தது. பேரைச் சொன்னால் வழக்குக்கு ஆகாது, அதோடு டெல்லிக்காரர்களுக்குப் புரியாது என்றார்.

தீர்த்தம்மாள் துணியில் நடந்து நடுவில் வந்து நின்றாள். எதிரே கேத்தரின். கேமரா ஓடியது. டாக்டர் கையால் சைகை காட்டினார். தீர்த்தம்மாளுக்குக் கண்ணீர் வரவில்லை. எழுதிக் கொடுத்ததைச் சொன்னால் நேற்றுச் சொன்னது பொய்யாகிவிடும் போல இருந்தது. அவள் டெல்லி அம்மையார் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, நாங்க பேசவேண்டியத நேத்தே பேசிட்டோங்க,” என்றாள். “ஒருதரம் உண்மையா சொன்னத மறுபடி சொன்னா அது நடிப்புங்க. எங்களுக்கு வேண்டியது பஸ்ஸு. ஊருக்கு நடுவுல தடுப்பு இருக்குது. இவுங்க சான்று குடுத்தா எடுப்பாங்களாம். அத மட்டும் குடுக்கச் சொல்லுங்க.”

அம்மையார் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மைக்கை வாங்கினார்.

“நண்பர்களே, இதுதான் எங்களுக்கு முன்னால இருக்கற சவால்,” என்றார். “காயம்பட்ட மனசு எப்பவும் வெளிப் பொருளுக்குள்ள ஒளிஞ்சுக்கும். இவங்க பஸ்னு சொல்றது பஸ் இல்ல. தடுப்புனு சொல்றது தடுப்பு இல்ல. உண்மையான தடுப்பு உள்ள இருக்கு. வெளியே இருக்கற தடுப்ப எடுக்க நம்ம திட்டத்துல செலவுத் தலைப்பு இல்ல, அது அடிப்படை வசதி, வேற நிறுவனம் பாக்கும். நாங்க உள்தடுப்ப மட்டுந்தான் எடுப்போம். அதுக்கும் இவங்க இன்னும் தயாரா இல்லன்னு தெரியுது. அதனால இந்த ஊருக்கு இரண்டாம் கட்டம் தேவைன்னு இந்த மேடையிலேயே கோரிக்கை வைக்கிறேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். இருபது பெண்கள் மட்டும் தட்டவில்லை. சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டது, நல்லிணக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். அந்த இருபது பேரும் அட்டைகளைக் கழற்றி ஒரே குவியலாக மேஜை மேல் வைத்துவிட்டு, ஒரே வேனில் ஏறினார்கள்.

வீட்டுக்கு வந்த தீர்த்தம்மாள், முனியப்பன் சாப்பிட்டு முடிக்கிற வரை காத்திருந்து, கல் விஷயத்தைக் கேத்தரினிடம் சொல்லிவிட்டதைச் சொன்னாள். அவர் முகம் கறுத்தது. எந்தக் கல், நான் அன்றைக்கு மொரப்பூரில் அல்லவா இருந்தேன் என்று ஆரம்பித்தார். அவள் மறுத்துப் பேசவில்லை. அருள்நாதனும் கல்லோடுதான் வந்தாராம், குறி தப்பிவிட்டதாம் என்று மட்டும் சொன்னாள்.

முனியப்பனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ரோஷம் வந்ததோ. “யாரு சொன்னா தப்புச்சுன்னு?” என்று சட்டையை இறக்கினார். இடது தோளுக்குப் பின்னால், கோழிமுட்டை அகலத்துக்குப் பழைய தழும்பு. “இங்க பாரு. அருளு எறிஞ்சது. ஒரு மாசம் கை தூக்க முடியல எனக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் மொரப்பூர் அவருக்கு ஞாபகம் வந்தது. சட்டையை மெதுவாக ஏற்றிக்கொண்டு, வாசலுக்குப் போய் நின்றார். தீர்த்தம்மாள் அவர் பின்னாலேயே போகவில்லை. அந்த ஒரு மாசமும் மாடு முட்டியதாகச் சொல்லிக்கொண்டு அவர் ஒரு கையாலேயே மாட்டுக்குத் தண்ணீர் இறைத்ததை நினைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், இருபது பெண்களும் தடுப்புகளைத் தூக்கினார்கள். மூன்று வருஷத்தில் அவற்றின் கால்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. ஒன்று அசையவே இல்லை. முனியப்பன் கடப்பாரையோடு வந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து அருள்நாதனும் கடப்பாரையோடு வந்தார். இரண்டு பேர் கையிலும் இரும்பைப் பார்த்துப் பெண்கள் ஓரடி விலகினார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு காலைத் தோண்டினார்கள். தடுப்பு சாய்ந்தபோது, ‘பாத்து, காலு’ என்றார் அருள்நாதன். மூன்று வருஷத்தில் அவர் முனியப்பனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து, யார் உத்தரவில் எடுத்தீர்கள் என்று கேட்டார். யார் உத்தரவில் போட்டீர்கள் என்று கேத்தரின் மரியாதையாகவே கேட்டாள். அவர் ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய் மூன்று நாள் தேடினார். போட்டதற்குக் காகிதம் இல்லை. காகிதம் இல்லாமல் போட்டதைக் காகிதம் இல்லாமல் எடுத்ததற்கு என்ன பிரிவில் வழக்குப் போடுவது என்று தெரியாமல், தடுப்பை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நாலாம் நாள் பஸ் உள்ளே வந்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று டிரைவரைக் கேட்டதற்கு, அப்போது வழி இல்லை, அதனால் வரவில்லை; இப்போது வழி இருக்கிறது, வந்தேன் என்றார்.

ஒரு மாசம் கழித்து, உள்நதி அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் ஏரிமேட்டூர் பஸ்ஸின் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. அதற்குக் கீழே, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி தீர்த்தம்மாள் மேலே பார்க்கிற படம். இரண்டாம் கட்டத்துக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. கோகிலவாணி மீதமிருக்கும் பகையை அளக்க வந்தார். ஜீப் வேறு கடும்பகைக் கிராமத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸில் வந்தார்.

அவர் வந்த பஸ் திரும்புகிற நேரம், பெண்கள் சந்தைக்குக் கிளம்புகிற நேரம். யாரும் நின்று பதில் சொல்லத் தயாராக இல்லை. அவரும் படிவக் கட்டோடு அதே பஸ்ஸில் திரும்ப ஏற வேண்டியதாயிற்று. உட்கார இடமில்லை. இரண்டு பேர் சீட்டில் தீர்த்தம்மாளும் கேத்தரினும் இருந்தார்கள். ஜன்னலோரம் யாருக்கு என்று ஏற்கெனவே கொஞ்சம் தகராறு நடந்து முடிந்திருந்தது.

கோகிலவாணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘உங்களுக்குள்ள இப்ப எப்படிம்மா இருக்கு?’ என்று முதல் கேள்வியைக் கேட்டார்.

“மொதல்ல உக்காருங்கம்மா, வளைவுல குலுக்கும்,” என்றாள் தீர்த்தம்மாள். நகர்ந்து இடம் விட்டாள். கேத்தரின் தன் மடியில் இருந்த சாமந்திக் கூடையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

“சாயாம ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிங்க.”

பாப்பாரப்பட்டி வரைக்கும் கோகிலவாணி பிடித்துக்கொண்டே வந்தார். எழுதுவதற்குக் கை இல்லை.